நீ அடித்த கடைசிக் கோல்

ஹஸ்னா மகள்,

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நீ முன்னறையில் நின்று போனில் பேசியது குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது. ஒளிந்து நின்று கேட்கவில்லை. குழாயை நிறுத்திய நேரம் உன் குரல் வந்தது. மாத்தளைப் பக்கத்தில் உனக்கு நியமனம் கிடைத்திருக்கும் பாடசாலையின் அதிபர்தான் பேசுகிறார் என்று புரிந்தது. நீ அனுப்பிய சான்றிதழ்களுக்குள் பழைய ஹொக்கிச் சான்றிதழ் ஒன்றும் போயிருக்க வேண்டும். அங்கே பெண் பிள்ளைகளின் அணி ஒன்று இருக்கிறது, பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். அதற்கு நீ, "அது சும்மா தந்த சேர்டிபிகேட், சேர். எனக்கு விளையாடத் தெரியாது," என்றாய். போனை வைத்துவிட்டு வந்து, "என்ன உம்மா, மீன் இன்னும் கழுவி முடியேல்லயா?" என்று சிரித்தாய். நான் திரும்பிப் பார்க்கவில்லை. உன் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்குக் காரணம் நான். அது உனக்குத் தெரியாது. ஏழு வருடமாகத் தெரியாது.

அன்றிலிருந்து மூன்று தரம் உன்னிடம் பேச வந்தேன். ஒரு தரம் நீ பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாய். வாசலில் வந்து நின்ற என்னைப் பார்த்து, "என்ன?" என்றாய். "மிளகாய்த்தூள் கட்டி வைக்கவா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். என் வாய் அப்படித்தான். பேச வேண்டிய நேரத்தில் மிளகாய்த்தூளைப் பற்றிப் பேசும். ஞாயிற்றுக்கிழமை நீ ரயில் ஏறிவிடுவாய். அதற்கு முன் சொல்லாவிட்டால் இனி நான் சொல்லவே மாட்டேன் என்று எனக்குத் தெரியும். அந்தப் பயத்தில்தான் எழுதுகிறேன்.

அப்போது உனக்குப் பத்தொன்பது வயது. நம் சின்னத் தீவின் முதல் பெண்கள் ஹொக்கி அணி அது. பதினான்கு பிள்ளைகள், பதினொரு ஸ்டிக். ஒருத்தி வெளியே வந்தால் அவள் கையில் இருப்பதை வாங்கிக்கொண்டுதான் அடுத்தவள் உள்ளே ஓட வேண்டும். நீங்கள் பழகிய மைதானத்தில் காலையில் கழுதைகள் படுத்திருக்கும். அவற்றை எழுப்பிவிடுவதுதான் உங்கள் முதல் பயிற்சி என்று உங்களைப் பழக்கிய ஜெசிந்தா ரீச்சர் சொல்லிச் சிரிப்பார். மாகாண லீக்கில் எட்டு அணிகள், ஒவ்வொரு அணிக்கும் ஏழு மட்ச், முதல் நாலு இடத்துக்குள் வந்தால் அரையிறுதி. முதல் நாலு மட்சில் மூன்று தோல்வி, ஒரு சமநிலை. நாலாவதில் ஐந்துக்குப் பூச்சியம் என்று தோற்றுவிட்டு, முழங்கால் தேய்ந்து, மண்ணும் வியர்வையுமாக வந்து படியில் இருந்தாய். மருந்து போடாமல் நான் சொன்னது இது: "தோக்கிறதுக்கோ இந்த ஓட்டம் ஓடுறாய்? ஊர்ச் சனம் சிரிக்குது. விட்டுட்டுப் படி." நீ முழங்காலை நீயே கழுவினாய். "இன்னும் மூண்டு மட்ச் இருக்கு, உம்மா. மூண்டையும் வெண்டா உள்ள போகலாம்," என்றாய். நான் சொன்னதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு வந்த மூன்று கிழமையும் நம் வீட்டில் வேறு பேச்சே இல்லை. கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எட்டு அணிகளின் பெயரையும் எழுதி, யார் யாரிடம் தோற்றால் நமக்கு நல்லது என்று நீயும் வாப்பாவும் சோறு ஆறும் வரை வாதாடுவீர்கள். ஐந்தாவது மட்சுக்கு வாப்பா என்னை இழுத்துக்கொண்டு வந்தார். மழையில் நின்று பார்த்தேன். இரண்டுக்கு ஒன்று என்று வென்றீர்கள். ஆறாவதில், முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது நீ அடித்த கோலுக்கு நான் கத்திய கத்தலில் பக்கத்தில் நின்ற வாப்பா என் வாயைப் பொத்தினார். அதையும் வென்றீர்கள். இனி ஒரே ஒரு மட்ச். பாலத்துக்கு அந்தப் பக்கம், பெருநிலத்து வயல் கிராமங்களிலிருந்து வரும் அணியோடு. அவர்கள் நமக்கு ஒரு புள்ளி முன்னே நின்றார்கள். அவர்களுக்குச் சமநிலையே போதும். நமக்கு வெற்றி வேண்டும். நாலாவது இடத்துக்கு ஒரு அணிதான் போகலாம்.

மட்ச் சனிக்கிழமை. வியாழக்கிழமை விடியக் கடலுக்குப் புறப்படும்போது வாப்பா உன் தலையைத் தடவி, "நாளைக்குக் காலமை வந்திடுவன். சனிக்கிழமை முன் வரிசையில என்னப் பாக்கலாம்," என்று சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். அன்று பின்னேரமே நீ அணியோடு டவுனுக்குப் போய், ரீச்சரின் வீட்டில் தங்கினாய். வெள்ளிக்கிழமை காலை வாப்பாவும் அவர் தம்பி, உன் சாச்சாவும் போன படகு வரவில்லை. பத்து மணிக்கு மற்ற எல்லாப் படகும் கரையில் இருந்தது. வாடைக் காற்று கூரைத் தகரத்தைத் தூக்கி அடித்தது. எடுத்த நேரமெல்லாம் போன் வேலை செய்யவில்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. மத்தியானத்துக்குள் நேவிக்குச் சொல்லியாகிவிட்டது. கரையில் நின்ற ஆண்கள் என் முகத்தைப் பார்க்காமல் பேசத் தொடங்கினார்கள்.

நான் ரீச்சருக்குப் போன் எடுத்தேன். உனக்குச் சொல்ல அல்ல, சொல்லாமல் இருக்க. "அவளுக்குத் தெரிய வேண்டாம், ரீச்சர். நாளைக்கு மட்ச் முடியட்டும்," என்றேன். ரீச்சர், "அக்கா, இது சரியில்ல. நான் இப்பவே ஹஸ்னாவ வீட்ட கூட்டிக்கொண்டு வாறன். சொல்லாம விளையாட விட்டா பிறகு அவ எங்கள மன்னிக்கமாட்டா," என்றார். நான் அழுதேன், கெஞ்சினேன், கடைசியில் கோபித்தேன். "என்ர பிள்ள. பொறுப்பு என்ர. நீங்க வாய் திறக்கக் கூடாது," என்றேன். ரீச்சர் வாய் திறக்கவில்லை, மகள். இன்றுவரை திறக்கவில்லை. ஏன் மறைத்தேன் என்று நீ கேட்பாய். உன் நன்மைக்கு என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. நீ எங்கேயோ ஒன்றும் தெரியாமல் பந்தை அடித்துக்கொண்டிருக்கும் வரை, ஒன்றும் நடக்கவில்லை என்று நானும் நம்பலாம் போலிருந்தது. உனக்குச் சொன்னால் அது நடந்ததாகிவிடும்.

சனிக்கிழமை காலையும் படகு வரவில்லை. கரையில் இருக்க வேண்டிய நான், உன் மாமியைக் கரையில் விட்டுவிட்டு டவுனுக்கு பஸ் ஏறினேன். வாப்பாவும் வராமல் நானும் வராமல் போனால் உனக்குச் சந்தேகம் வரும் என்று நினைத்தேன். நீ என்னைக் கண்டதும் ஓடி வந்தாய். "வாப்பா எங்க?" "எஞ்சின்ல ஏதோ வேல மகள். பிந்தி வருவார்," என்றேன். என் முகத்தைப் பார்த்து, "ஏன் உம்மா கண் வீங்கியிருக்கு?" என்றாய். "பஸ்ஸில தூசி," என்றேன். மழை பெய்து ஓய்ந்த நாளில் என்ன தூசி? நீ அதைக் கவனிக்கும் நிலையில் இருக்கவில்லை. உன் நினைப்பெல்லாம் மட்சில் இருந்தது.

அந்த மட்சை நான் பார்த்தேனா என்று எனக்கே தெரியாது. பந்து அங்கும் இங்கும் போனது. ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கா மாமிக்குப் போன் எடுத்தேன். ஒவ்வொரு தரமும் மாமி, "இன்னும் இல்ல," என்றாள். முதலில் அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். இடைவேளைக்குச் சற்று முன்னர் நம் அணி ஒன்று போட்டது. ஒன்றுக்கு ஒன்று. இடைவேளை முடிந்து நேரம் ஓட ஓட உங்கள் அணிப் பிள்ளைகள் விழுந்து விழுந்து எழும்பினார்கள். எதிர் அணி ஒன்றுக்கும் அவசரப்படவில்லை. அப்படியே முடிந்தால் அவர்கள் உள்ளே, நீங்கள் வெளியே. என் பக்கத்தில் இருந்த அவர்கள் ஊர்ப் பெண் ஒரு தோடம்பழத்தை உரித்து எனக்குப் பாதி தந்தாள். "கோலுக்க நிக்கிறது என்ர மகள். தர்ஷிகா. உங்கட பிள்ள எது?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. பழத்தைக் கையில் பிடித்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். படகு, காற்று, மாமி, உனக்குத் தெரியாது என்பது, எல்லாம். அந்த மனிசி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

இனிச் சொல்லப்போவதைத்தான் நான் யாருக்கும் சொன்னதில்லை, வாப்பாவுக்கும் இல்லை. பத்து நிமிடம்போல் மிச்சம் இருக்கும்போது ஒரு பிள்ளைக்குக் காலில் அடிபட்டு ஆட்டம் நின்றது. பக்கத்தில் இருந்த மனிசி எழும்பினாள். எல்லைக் கோட்டைச் சுற்றி, கோலுக்குப் பின்பக்கம், தன் மகள் நின்ற இடத்தை நோக்கிப் போனாள். அவள் எங்கே போகிறாள், என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. "போகாதீங்கோ" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நின்றிருப்பாள். நான் சொல்லவில்லை. அந்த நேரம் என் மனதில் ஓடியதை அல்லாஹ் அறிவான். இப்போது நீயும் அறிந்துகொள். போகட்டும் என்று நினைத்தேன். அந்தப் பிள்ளையின் மனம் கொஞ்சம் இளகட்டும் என்று நினைத்தேன். கடலில் என் பிள்ளைக்கு இவ்வளவு பெரிய இழப்பு வரப்போகிறது, தரையில் இந்த ஒன்றாவது கிடைக்கட்டும் என்று நினைத்தேன். தாய் கம்பி வேலிக்கு அப்பால் நின்று ஏதோ சொல்வதையும், மகள் தலைக்கவசத்தோடு திரும்பிக் கேட்பதையும் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது பெனால்டி கோர்னர். கோட்டிலிருந்து பந்து வந்தது, ஒருத்தி நிறுத்தினாள், நீ அடித்தாய். கோலின் பின்பலகையில் பந்து பட்ட சத்தம் நான் இருந்த இடம் வரை கேட்டது. இரண்டுக்கு ஒன்று. விசில் ஊதியதும் பதின்மூன்று பிள்ளைகளும் உன் மேல் விழுந்தார்கள். அந்தக் கும்பலுக்குள்ளிருந்து சிரித்தபடி நீ எழும்பியபோது தர்ஷிகா உன்னை நோக்கி நடந்து வந்தாள். தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு உன்னைக் கட்டிப்பிடித்தாள். தோற்ற பிள்ளை அழுகிறாள் என்று நினைத்து நீ அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாய். அவள் உன் காதில், "உங்கட அப்பாவுக்கு ஒண்டும் நடக்காது, பயப்பிடாதேங்கோ," என்றாளாம். நீ அவளை விலக்கிப் பிடித்து, "என்ர வாப்பாவுக்கு என்ன?" என்று கேட்டாய். அவள் முகம் போன போக்கை நான் தூரத்திலிருந்து கண்டேன். அதன் பிறகு நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். மைதானம் முழுக்க இடையில் இருந்தும் அந்தப் பார்வை என்னிடம் வந்து சேர்ந்தது.

நீ என்னிடம் வரவில்லை. மற்ற அணியோடு பேசக்கூடியவர் அவர்தான் என்று நினைத்து நேரே ரீச்சரிடம் போனாய். "நீங்கதானே அவங்களுக்குச் சொன்னீங்க? எங்கள வெல்ல வைக்கிறதுக்கு என்ர வாப்பாவச் சொல்லிப் பிச்சை கேட்டீங்களா?" என்று கத்தினாய். ரீச்சர் உன் தோளுக்கு மேலால் என்னைப் பார்த்தார். பக்கத்துப் பெண்ணோடு நான் பேசியதையும், அந்தப் பெண் எழும்பிப் போனதையும் அவர் கண்டிருக்க வேண்டும். நான் சொல்வேன் என்று காத்திருந்தார். நான் முக்காட்டை இழுத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தேன். ரீச்சர் உன்னிடம், "முதல்ல வீட்ட போ, ஹஸ்னா. வாப்பா வரட்டும்," என்று மட்டும் சொன்னார். மகள், அன்று சொன்னது ரீச்சர் இல்லை. நான். நீ ஏழு வருடமாக வீதியில் கண்டால் முகம் திருப்பிக்கொள்ளும் அந்த மனிசி, என்னிடம் வேண்டாம் என்று மன்றாடியவர். நான் செய்ததை அவர் தலையில் வைத்துவிட்டு நான் உனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன்.

வாப்பாவும் சாச்சாவும் செவ்வாய்க்கிழமை வந்தார்கள். எஞ்சின் பழுதாகி, காற்று இழுத்த பக்கம் போய், கற்பிட்டிப் பக்கத்துப் பெரிய படகொன்று கண்டு கட்டி இழுத்து வந்தது. தோல் உரிந்து, உதடு வெடித்துக் கட்டிலில் கிடந்த மனிசன் முதல் கேட்ட கேள்வி, "மட்ச் என்னாச்சு மகள்?" என்பதுதான். நீ அவருக்கு மருந்து தடவிக்கொண்டே, "விட்டுத் தந்தாங்க, வாப்பா," என்றாய். பகிடி என்று நினைத்து அவர் சிரித்தார், உதட்டில் இரத்தம் வந்தது. நான் கதவோரம் நின்றேன். அந்தக் கிழமை நடந்த அரையிறுதிக்கு நீ போகவில்லை. நீ இல்லாமல் நாலுக்குப் பூச்சியம் என்று தோற்று வந்தார்கள். தான் கடலில் தொலைந்த பயத்தில்தான் நீ விளையாட்டை விட்டாய் என்று வாப்பா இன்றும் நினைக்கிறார். ஊரும் அப்படித்தான் நினைக்கிறது. உண்மை தெரிந்தவர்கள் நானும் ரீச்சரும்தான். முதல் கிழமை, வாப்பா தேறட்டும் என்று இருந்தேன். பிறகு நீ எழுதும் சோதனை முடியட்டும் என்று இருந்தேன். பிறகு நீ படிக்கக் கம்பஸ் போய்விட்டாய். பேசாமல் விட்ட ஒவ்வொரு வருடமும் பேசுவதை இன்னும் கஷ்டமாக்கியது. உனக்குச் சொல்ல என்னிடம் ஒரு புத்திமதி இருந்தால் அது இதுதான்: பிள்ளைகளிடம் எதையாவது மறைத்தால் அன்றைக்கே சொல்லிவிடு. நீ படிப்பிக்கப்போகிற பிள்ளைகளிடமும் அப்படித்தான்.

நேற்று உனக்குத் தலை துவட்டத் துவாய் வாங்க டவுனுக்குப் போகிறேன் என்று சொன்னேன். துவாய் வாங்கினேன்தான். ஆனால் முதலில் ரீச்சரின் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்துவிட்டு, "ஏழு வருஷம் எடுத்திருக்கு உங்களுக்கு, அக்கா," என்றார். வேறு ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. கதிரையைத் துடைத்து இருக்கச் சொன்னார். நீ எந்த ஊருக்குப் போகிறாய், மழைக்குளிருக்கு உடுப்பு இருக்கிறதா என்று கேட்டார். அவர் தந்த தேத்தண்ணீரைக் கையில் வைத்தபடியே மன்னிப்புக் கேட்டேன். தர்ஷிகாவின் விலாசத்தை அவரிடம் வாங்கிக்கொண்டு அங்கிருந்து பாலம் கடந்து பஸ்ஸில் போனேன். திருக்கேதீஸ்வரம் தாண்டி, வயலுக்கு நடுவில் வீடு. தர்ஷிகா பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். கையில் சோக்குத் தூளோடு வந்து நின்றாள். நான் யாரென்று சொன்னதும், "அப்பா வந்திட்டார்தானே? பேப்பரில பாத்தனாங்கள்," என்றாள். அவளுடைய அம்மா போன வருடம் காலமாகிவிட்டாவாம். எனக்குப் பழம் தந்த கை அது. அந்தச் செய்தியைக் கூட நான் ஒரு வருடம் பிந்தித்தான் அறிந்தேன்.

நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன். "மகள், அந்தக் கோலை நீங்க விட்டுத் தந்தீங்களா?"

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சிவந்துவிட்டது. "ஆர் சொன்னது? ஹஸ்னாவோ? அன்ரி, அம்மா வந்து சொன்னது உண்மைதான். 'அந்தப் பிள்ளையின்ர தகப்பனக் காணேல்லயாம், மட்ச் முடிஞ்சதும் போய் நாலு வார்த்த ஆறுதல் சொல்லு' எண்டவா. அவவுக்குத் தெரியாது எண்டதை அம்மா சொல்லேல்ல, அதாலதான் நான் போய் உளறினனான். ஆனா விட்டுக் குடு எண்டு அம்மா சொல்லேல்ல. சொல்லியிருந்தாலும் நான் விட்டிருக்கமாட்டன். எங்களுக்கு ட்ரோ போதும், அன்ரி! அந்த ஒரு பந்தால நாங்கள் வெளியில போனம். எங்கட ரீமில ரெண்டு பேர் அதுக்குப் பிறகு என்னோட கதைக்கிறதே இல்ல. நான் வலப்பக்கம் பாய்ஞ்சன், அவ இடப்பக்கம் அடிச்சா. நான் வாங்கின கோலுக்குள்ள அதுதான் நல்ல அடி. அதப் போய் பிச்சை எண்டு சொல்லிக்கொண்டு திரியிறாவோ?"

அவள் கோபத்தில் சோக்குத் துண்டை முற்றத்தில் எறிந்தாள். மகள், அவள் கோபப்பட்டபோது எனக்கு வந்த அழுகையை என்னால் அடக்க முடியவில்லை. அவள் அம்மா நான் நினைத்த எதையும் நினைத்துப் போகவில்லை. அந்த மனிசி ஆறுதல் சொல்லத்தான் போனாள். அசிங்கமான எண்ணம் எனக்கு மட்டும்தான் இருந்தது. அந்த எண்ணம் பந்தைத் தொடவில்லை என்று நான் நம்புகிறேன். ஆனால் என்னை நம்பு என்று உன்னிடம் கேட்க எனக்கு வாயில்லை. உன் வாப்பா கடலில் கிடந்தபோது எஞ்சின் வேலை என்றவள் நான். அதனால் தர்ஷிகாவை வரச் சொன்னேன். "ஓம், வாறன். அவவின்ர முகத்தைப் பாத்துக் கேக்கோணும்," என்றாள். "சொல்லாதீங்கோ அன்ரி, திடீரெண்டு வந்து நிக்கிறன்," என்றாள். அதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. என் பிள்ளைக்கு முதலே சொல்வேன், அவள் வேண்டாம் என்றால் உங்களுக்குப் போன் எடுப்பேன் என்றேன்.

ஆகவே சொல்கிறேன். நாளை பின்னேரம் நாலு மணி பஸ்ஸில் தர்ஷிகா வருகிறாள். ரீச்சரைக் கேட்டேன். "ஹஸ்னா கூப்பிட்டா வருவன், நீங்க கூப்பிட்டா வரமாட்டன்," என்றார். அது சரிதான். அவருடைய போன் நம்பரை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அதிபரின் நம்பர் உன்னிடம் இருக்கிறது. ரீச்சரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான், கேட்டுவிட்டேன். நீ கேட்பதும் விடுவதும் உன்னுடையது. வாப்பாவுக்கு இன்று அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டு வந்ததும் நானே சொல்லப்போகிறேன். அவர் என்ன சொல்வார் என்று தெரியாது. முப்பது வருடத்தில் முதல் தரமாக அவருக்குப் பயப்படுகிறேன்.

நாளை நீ வீட்டில் நிற்கலாம். நிற்காமல் போகலாம். இதை வாசித்துவிட்டு என்னோடு பேசாமல் ரயில் ஏறினாலும் நான் ரயில் நிலையத்துக்கு வருவேன், தூரத்தில் நிற்பேன். படகு வராத அன்றைக்கும் வெள்ளிக்கிழமைதான். காலையிலேயே எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. உனக்குச் சொல்லியிருந்தால் உனக்கு முழுதாக ஒரு நாள் இருந்திருக்கும். அழுவதற்கோ, கரைக்கு ஓடி வருவதற்கோ, விளையாடுவதா விடுவதா என்று நீயே தீர்மானிப்பதற்கோ. அந்த நாளை நான் எடுத்துக்கொண்டேன். அதைத் திருப்பித் தர வழியில்லை. இன்றும் வெள்ளிக்கிழமை. நாளை நாலு மணிக்கு இன்னும் முழுதாக ஒரு நாள் இருக்கிறது.

உம்மா